பழைய பை யாருக்கு?

2009ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் எனது பெரியம்மா வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 81. இலண்டனில் உள்ள ஒரு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாட் காலையில் ஈமோகுளோபின் குறைந்துவிட்டது, இரண்டு பை இரத்தம் ஏற்றவேண்டும் என்றார்கள். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் அதிகம் வராது. ஆகவே வேலைக்கு லீவு போட்டுவிட்டு நான்தான் கட்டிலருகே இருந்தேன்.

தாதியர் இருவர் வந்தார்கள். ஒருவர் பெரியம்மாவின் கையிலிருந்த பட்டியைப் பார்த்துப் பெயரையும் பிறந்த திகதியையும் இலக்கத்தையும் வாசிக்க, மற்றவர் பையிலுள்ள சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கணக்காளனாகப் பல வருடம் இருந்தவனுக்கு எங்கே இலக்கம் தெரிந்தாலும் கண் அங்கேதான் போகும். பையின் சீட்டில் இரத்தம் எடுத்த திகதியும் இருந்தது, அது காலாவதியாகும் திகதியும் இருந்தது. கழித்துப் பார்த்தேன். எடுத்து 30 நாள். இன்னும் ஐந்து நாள் போனால் வீசவேண்டிய இரத்தம்.

அதற்கு முந்திய வருடம் பத்திரிகையில் ஒரு செய்தி வாசித்திருந்தேன். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இரத்தம் ஏற்றப்பட்ட இதய நோயாளிகள் கூடுதலாக இறந்தார்கள் என்று அமெரிக்காவில் கண்டிருக்கிறார்களாம். அந்த நினைவில் தாதியிடம், இதைவிடப் புதிய பை ஒன்று தரமுடியாதா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பையைக் கையில் வைத்துக்கொண்டே, “கேட்டுப் பார்க்கலாம். ஆனால் இதை யாருக்குக் கொடுக்கச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. பெரியம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னவாம் தம்பி?”

“இது பழைய இரத்தம் பெரியம்மா. புதுசு இருக்கோ எண்டு கேட்டனான்.”

“சும்மா இரு தம்பி. ஆரோ பெத்த பிள்ளை தந்தது. ஏத்தச் சொல்லு.”

ஏற்றினார்கள். பெரியம்மா குணமாகி வீட்டுக்கு வந்து, அதன்பின் ஆறு வருடம் எங்களோடு இருந்தார். இதனால் பழைய இரத்தம் தீங்கற்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவர் பிழைத்ததை வைத்தோ ஒருவர் இறந்ததை வைத்தோ எதையும் நிறுவமுடியாது. ஆனால் அந்தத் தாதியின் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர் இதுபற்றி வாசிக்கத் தொடங்கினேன். வாசித்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

புதியதைத் தேடுவது எம்மவருக்குக் கைவந்த பழக்கம். ஈஸ்ற்ஹாமிலோ ரூட்டிங்கிலோ மீன்கடைக்குப் போனால் செவுளைத் தூக்கிப் பாராமல் மீன் வாங்கமாட்டோம். சுப்பர்மார்க்கற்றில் பால் வாங்கும்போது முன்வரிசையை விட்டுவிட்டு, கையை உள்ளே நீட்டிப் பின்வரிசைப் போத்தலை எடுப்போம். ஏனென்றால் கடைக்காரர் பழைய திகதியை முன்னுக்கும் புதிய திகதியைப் பின்னுக்கும் அடுக்குவார் என்பது எல்லோருக்கும் தெரியும். இதை யாரும் பாவம் என்று நினைப்பதில்லை. விற்காத பால் கடைக்காரரின் நட்டம். (அரிசியில் மட்டும் இது தலைகீழ். ஒரு வருடம் கிடந்த பழைய அரிசிக்குத்தான் என் அம்மா கூடுதல் விலை கொடுப்பார்.)

இரத்த வங்கியின் குளிர்ப்பெட்டியிலும் அதே அடுக்குத்தான். விசேட காரணம் இல்லாவிட்டால் காலாவதிக்குக் கிட்டிய பை முதலில் வெளியே போகும். ஐக்கிய இராச்சியத்தில் செங்குழியப் பையை 2 முதல் 6 பாகை செல்சியஸ் குளிரில் 35 நாள் வரை வைக்கலாம், அமெரிக்காவில் 42 நாள். பழையதை முன்னுக்குக் கொடுக்காவிட்டால் அது பெட்டியிலேயே காலாவதியாகும். வீசப்படுவது கடைக்காரரின் பணமல்ல, யாரோ ஒருவர் ஊசி குத்தக் கையை நீட்டித் தந்தது. அன்று நான் கேட்டது பின்வரிசைப் போத்தலைத்தான் என்பது பின்னர்தான் எனக்கு உறைத்தது.

“பழைய இரத்தம்” என்ற பேச்சே ஒரு நூற்றாண்டுக்குச் சற்று முன்னர்தான் உலகத்துக்கு வந்தது. 1818இல் இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த ஜேம்ஸ் புளண்டெல் மனிதரின் இரத்தத்தை மனிதருக்கு ஏற்றியபோது அது உறைவதற்குமுன் ஏற்றிவிடவேண்டிய அவசரம் இருந்தது. 1921இல் கிங்ஸ் கொலிஜ் வைத்தியசாலை இரத்தம் தேவையென்று கம்பர்வெல் செஞ்சிலுவைச் சங்கத்தைக் கேட்டது. சங்கத்தின் செயலாளர் பேர்சி லேன் ஒலிவரும் சில தொண்டர்களும் நேரே அங்கே போனார்கள். அவர்களில் ஒரு பெண் தொண்டரின் இரத்தம் பொருந்தியது. அதைத் தொடர்ந்து ஒலிவரும் அவர் மனைவியும் தங்கள் வீட்டில் ஒரு ரெலிபோனையும் ஒரு பெயர்ப்பட்டியலையும் வைத்துக்கொண்டு, எந்த நேரத்தில் அழைப்பு வந்தாலும் தொண்டரை அனுப்பிவைத்தார்கள். கூலி வாங்காத இரத்ததான சேவை உலகில் ஆரம்பமானது இப்படித்தான் என்று சொல்வார்கள். அந்நாளில் இரத்தம் தன் காலால் நடந்து கட்டிலடிக்கு வந்தது, பழசாவதற்கு இடமே இல்லை.

சேமிக்கும் வழியைத் தந்தவை யுத்தங்கள். 1917இல் மேற்குப் போர்முனையில் ஒஸ்வால்ட் றொபேட்சன் என்ற அமெரிக்க இராணுவ வைத்தியர், குளுக்கோசும் சித்திரேற்றும் கலந்த போத்தல்களில் இரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்துக் காயப்பட்டவர்களுக்கு ஏற்றினார். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியபோது இலண்டனைச் சுற்றிச் சற்றன், சிலவ் முதலிய இடங்களில் இரத்தக் களஞ்சியங்கள் அமைக்கப்பட்டன. 1943இல் ஜோன் லூட்டிற், பற்றிக் மொலிசன் என்ற இரு வைத்தியர்கள் வெளியிட்ட கலவையால் இரத்தத்தை மூன்று வாரம் வைக்க முடிந்தது. பிற்காலத்தில் உப்பு, அடினின், குளுக்கோசு, மனிற்றோல் சேர்ந்த கலவை வந்து அது ஐந்து வாரமாயிற்று.

குளிரில் இருந்தாலும் செங்குழியம் உயிருள்ள பொருள். நாள் போகப்போக அது மாறும். ஒட்சிசனைத் திசுக்களிடம் விட்டுக்கொடுக்க உதவும், சுருக்கமாக டி.பி.ஜி. எனப்படும் பொருள் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பெரும்பாலும் தீர்ந்துபோகும். பொற்றாசியம் குழியத்திலிருந்து வெளியே கசியும். தட்டுப்போல இருந்த குழியம் முள் முளைத்து, விறைத்து, உருண்டையாகும். சில உடைந்து ஈமோகுளோபினை வெளியே விடும். ஏற்றியபின் இவற்றில் சில திரும்பச் சீராகும், டி.பி.ஜி. ஓரிரு நாளில் மீளும். சில குழியங்கள் மீளாமல் முதல் நாளிலேயே உடலால் அகற்றப்படும். இவ்வளவும் ஆய்வுகூடத்தில் எப்போதோ தெரிந்தவை. ஆனால் கண்ணாடிக் குழாயில் தெரியும் மாற்றம் கட்டிலில் கிடப்பவருக்கு உண்மையில் கெடுதி செய்கிறதா என்பது வேறு கேள்வி.

நான் பத்திரிகையில் வாசித்த ஆய்வு 2008 மார்ச்சில் வெளிவந்தது. அமெரிக்காவில் கிளீவ்லண்ட் கிளினிக்கில் இதய சத்திரசிகிச்சை செய்துகொண்ட 6,002 பேரின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்திருந்தார்கள். 14 நாளுக்கு உட்பட்ட இரத்தம் மட்டும் பெற்றவர்களில் வைத்தியசாலையிலேயே இறந்தவர்கள் 1.7 வீதம், அதற்கு மேற்பட்ட இரத்தம் மட்டும் பெற்றவர்களில் 2.8 வீதம். ஒரு வருட முடிவில் 7.4 வீதமும் 11 வீதமும். இதை வாசித்து எவர்தான் பயப்படமாட்டார்?

ஆனால் இது பழைய ஏட்டைப் புரட்டிய ஆய்வு. அதே ஆய்வின் இலக்கங்களைக் கணக்காளன் புத்தியோடு வகுத்துப் பார்த்தேன். புதிய இரத்தம் பெற்றவர்களுக்கு ஆளுக்குச் சராசரி 3.1 பை, பழையது பெற்றவர்களுக்கு 3.4 பை. கூடுதல் பை தேவைப்பட்டவர் கூடுதல் நோயுள்ளவராக இருக்கலாம் அல்லவா? இரத்த வகையாலும் வித்தியாசம் வரும். எல்லோரும் கேட்கும் வகை பெட்டியில் தங்காது, அரிதாகக் கேட்கப்படும் வகை கிடந்து பழசாகும். ஆகவே பழைய பை போனவரும் புதிய பை போனவரும் மற்ற எல்லாவற்றிலும் ஒத்தவர்கள் என்று சொல்லமுடியாது. ஆய்வாளர்கள் இத்தகைய வித்தியாசங்களைக் கணக்கில் கழித்துப் பார்த்தார்கள்தான். ஆயினும் தெரிந்ததைத்தான் கழிக்கலாம், தெரியாததை எப்படிக் கழிப்பது?

இதைத் தீர்க்க ஒரே வழி, எந்த நோயாளிக்கு எந்தப் பை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்து பார்ப்பதுதான். பலருக்கு, முதலில் எனக்கும், நெஞ்சை உறுத்தும் இடம் இது. சாகக்கிடக்கும் மனிதர்களை வைத்துச் சீட்டுக் குலுக்குவதா? புதியது நல்லது என்று சந்தேகம் இருக்கும்போது பழையதை ஒருவருக்குத் தெரிந்துகொண்டே ஏற்றுவது தர்மமா?

இதுபற்றி நெடுநாள் யோசித்தேன். என் மனம் மாறியது ஒரு காரணத்தால். ஆய்வு தொடங்குவதற்கு முன்னரும் அங்கே நடந்தது சீட்டுக் குலுக்கல்தான். பெரியம்மாவுக்கு 30 நாள் பை வந்ததும், அடுத்த கட்டிலுக்கு 9 நாள் பை வந்திருந்தால் அதுவும், அன்று பெட்டியின் முன்வரிசையில் எது இருந்தது என்பதைப் பொறுத்தவை. அந்தக் குலுக்கலை ஒருவரும் எழுதிவைக்கவில்லை, அதிலிருந்து ஒருவரும் எதையும் கற்கவில்லை. ஆய்வாளர்கள் செய்தது அதைக் கணக்கேட்டில் பதிந்ததுதான். உண்மையில் எது நல்லது என்று தெரியாதவரைதான் அப்படிச் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. தெரிந்துவிட்டால் அந்த நிமிடமே நிறுத்தவேண்டும். தெரியாது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளும் இந்த நேர்மையில்தான் அந்த முறையின் தர்மம் நிற்கிறது.

முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. கனடாவிலும், இந்நாடு உட்பட ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 2,430 பேரை எடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சராசரி 6 நாள் இரத்தம், மற்றவர்களுக்குச் சராசரி 22 நாள் இரத்தம். 90 நாளில் இறந்தவர்கள் புதியதில் 37 வீதம், பழையதில் 35.3 வீதம். இது 2015இல். அதே வருடம் அமெரிக்காவில் இதய சத்திரசிகிச்சை நோயாளிகள் 1,098 பேரில் நடந்த ஆய்வும் வித்தியாசம் காணவில்லை. அதுதான் 2008இன் பயத்துக்கு நேரடிப் பதில். 2016இல் நான்கு நாடுகளில் 20,000க்கு மேற்பட்டோரில் 9.1 வீதமும் 8.7 வீதமும். 2017இல் அவுஸ்திரேலியாவும் வேறு நாடுகளும் சேர்ந்து ஏறத்தாழ 5,000 பேரில் 24.8 வீதமும் 24.1 வீதமும். புதியது எங்கும் முந்தவில்லை. இலக்கத்தைப் பார்த்தால் பழையது ஒரு மயிரிழை முன்னுக்கு நிற்பதுபோலக்கூடத் தெரிகிறது, ஆனால் அது தற்செயலுக்குள் அடங்கும் வித்தியாசம்.

இவற்றுள் என்னை மிகவும் பாதித்தது உகண்டா ஆய்வு. கம்பாலாவில் முலாகோ வைத்தியசாலைக்கு, மலேரியா முதலிய நோய்களால் இரத்தம் வற்றி, ஒட்சிசன் போதாமல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த ஐந்து வயதுக்கு உட்பட்ட 290 குழந்தைகள். பாதிப் பேருக்கு 10 நாளுக்கு உட்பட்ட இரத்தம், மற்றப் பாதிப் பேருக்கு 25 முதல் 35 நாள் வரையான இரத்தம். உடலில் ஒட்சிசன் பற்றாக்குறையைக் காட்டும் அமிலம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று மணிக்கணக்கில் பார்த்தார்கள். பழைய இரத்தம் பின்தங்கவில்லை. ஒட்சிசனை விட்டுக்கொடுக்கும் பொருள் தீர்ந்துபோன இரத்தம் என்று ஆய்வுகூடம் சொன்னதே, அதே இரத்தம் அக்குழந்தைகளின் உடலில் வேலை செய்தது.

இந்த ஆய்வை ஏன் ஏழை நாட்டுக் குழந்தைகளில் செய்யவேண்டும் என்று யாரும் கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் மறுபக்கம் யோசியுங்கள். கிளீவ்லண்டிலிருந்து வந்த செய்தியை நம்பி உலகம் முழுவதும் 14 நாள் என்று எல்லை போட்டிருந்தால் முதலில் அடிபடுவது யார்? இரத்தம் எப்போதும் தட்டுப்பாடாக இருக்கும் கம்பாலா போன்ற ஊர்தான். அங்கே புதிய பைக்கும் பழைய பைக்கும் இடையில் தெரிவு இருந்திருக்காது, பழைய பைக்கும் வெறுங்கைக்கும் இடையில்தான் இருந்திருக்கும். பணக்கார நாட்டின் பயம் ஏழை நாட்டின் சட்டமாகாமல் தடுத்தது அந்த ஆய்வு.

இனி அந்தத் தாதியின் கேள்விக்கு வருகிறேன். இப்போது தெரிந்ததை வைத்துப் பதில் சொல்வது சுலபம்: இரண்டு பையும் ஒன்றுதான், கேட்டதே வீண். ஆனால் 2009இல் அது ஒருவருக்கும் தெரியாது. பழையது கெடுதியாக இருந்திருக்கக்கூடும் என்றுதானே நான் கேட்டேன்? அப்படியானால் நான் கேட்டதன் அர்த்தம், அந்தக் கெடுதி வேறொருவருக்குப் போகட்டும் என்பதே. அந்த வேறொருவர் யார்? சீட்டை வாசிக்கத் தெரியாதவர், கேட்பதற்குப் பக்கத்தில் ஆளில்லாதவர், ஆங்கிலம் வராதவர். அதாவது, நான் லீவு போடாமல் வேலைக்குப் போயிருந்தால், அந்த ஆள் எனது பெரியம்மா!

றிச்சர்ட் ரிற்மஸ் என்ற இலண்டன் பேராசிரியர் 1970இல் இரத்ததானம் பற்றி ஒரு புகழ்பெற்ற நூல் வெளியிட்டார். அமெரிக்காவில் அந்நாளில் காசுக்கு இரத்தம் விற்கும் வழக்கத்தையும், இந்நாட்டில் முகம் தெரியாதவருக்கு இலவசமாகக் கொடுக்கும் முறையையும் ஒப்பிட்டு, இரத்தத்தைச் சந்தைப் பொருளாக்கினால் சமுதாயம் கெடும் என்று வாதிட்டார். அது சரிதான். ஆனால் காசு இல்லாத இடத்திலும் ஒரு நாணயம் உண்டு. அது வாய். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எம்மவர் சொல்வது வாழைப்பழக் கடைக்குப் பொருந்தலாம், இரத்தப் பெட்டிக்குப் பொருந்தலாமா? “பழையது முதலில்” என்ற விதி கண்ணில்லாத விதிபோலத் தெரிந்தாலும், வாயுள்ளவரையும் வாயில்லாதவரையும் அது ஒன்றாகவே நடத்துகிறது.

ஆனால் அந்த விதி தானாகவே நியாயமாகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். பழையதால் எவருக்கும் தீங்கில்லை என்று தெரியும்வரைதான் அது நியாயம். ஆய்வுகள் மறுபக்கம் காட்டியிருந்தால், “கேட்டவருக்குப் புதியது” என்பது அப்போதும் சரியான பதிலல்ல. எல்லோருக்கும் எல்லையைக் குறைப்பதுதான் சரி. அதனால் தட்டுப்பாடு வந்து வேறு சிலர் இறக்க நேர்ந்தால் அதையும் கணக்கிலெடுத்து எங்கே கோடு போடுவதென்று வைத்தியர்கள் வெளிப்படையாகச் சொல்லியிருக்கவேண்டும். அந்தக் கொடிய கணக்கிலிருந்து நாம் தப்பிவிட்டோம். அமெரிக்க இரத்த வங்கிகளின் சங்கம் 2016இல் தந்த வழிகாட்டலும், அனுமதிக்கப்பட்ட காலத்துக்குள் இருக்கும் எந்த நாளைய செங்குழியத்தையும் பாவிக்கலாம் என்றே சொல்லுகிறது.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. பிறந்த குழந்தையின் இரத்தத்தை மாற்றி ஏற்றும்போது இந்நாட்டில் ஐந்து நாளுக்கு உட்பட்ட இரத்தமே பாவிப்பார்கள். காரணம், கசிந்த பொற்றாசியம் அந்தச் சின்ன உடம்பில் பெருமளவாகப் போய் இதயத்தைத் தாக்கலாம். தலசீமியா உள்ள பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்றவேண்டியிருப்பதால், குழியங்கள் உடலில் கூடிய நாள் நின்றுபிடிக்கட்டும் என்று முடிந்தவரை நாள் குறைந்ததைக் கொடுக்க முயல்வார்கள். இவர்கள் கேட்டதால் பெறுவதில்லை, தேவைப்படுவதால் பெறுகிறார்கள். இதில் எவரும் குறை சொல்லமாட்டார்.

நேர்மாறான ஒன்றும் உண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வாரக்கணக்கில் சிறிது சிறிதாக இரத்தம் தேவைப்படும். அதற்காக ஒருவர் தந்த இரத்தத்தை ஆறு சின்னப் பைகளாகப் பிரித்து, ஒரே குழந்தைக்கென்று ஒதுக்கிவைப்பார்கள். முதலாம் வாரம் ஏற்றுவது புதியது, நாலாம் வாரம் ஏற்றுவது நாலு வாரம் பழையது. தெரிந்துகொண்டேதான் செய்கிறார்கள், ஆறு அந்நியரின் இரத்தம் போவதைவிட ஒருவருடையதே போவது நல்லது என்பதற்காக. கனடாவில் குறைமாதக் குழந்தைகள் 377 பேரில் செய்து 2012இல் வெளியான ஆய்விலும் ஒரு வார இரத்தம் பெற்றவர்கள் மற்றவர்களைவிடத் தேறவில்லை.

ஊரிலிருந்து வரும் ரெலிபோன் பேச்சிலும் இந்தப் “புதிய இரத்தம்” அடிக்கடி அடிபடும். யாழ்ப்பாணத்திலானாலும் சென்னையிலானாலும், “வங்கி இரத்தம் வேண்டாம், எங்கட பெடியனே சூட்டோட குடுக்கட்டும்” என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பாசத்தில் சொல்வது. ஆனால் சூட்டோடு ஏற்றினால் நோய்க்கிருமி சோதனைகளுக்கு நேரம் எங்கே? மேலும் இரத்த உறவின் புதிய இரத்தத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதிலுள்ள வெண்குழியங்கள், வாங்கியவரின் உடலுக்கு அந்நியமாகத் தெரியாமல் உள்ளே தங்கி, அந்த உடலையே தாக்கலாம். அரிது, வந்தால் பெரும்பாலும் மரணம். ஜப்பானில் இதய சத்திரசிகிச்சைக்கு உறவினரின் புதிய இரத்தம் ஏற்றும் வழக்கம் இருந்த காலத்தில் இந்நோய் பலருக்கு வந்தது. கதிர்வீச்சால் அந்தக் குழியங்களை அடக்கிய பிறகுதான் தணிந்தது. சொந்தமும் புதுமையும் சேர்ந்தால் நல்லது என்று மனம் சொல்லுகிறது. இரத்தத்தில் அந்த இரண்டும் சேர்வதுதான் ஆபத்து. இலங்கையில் 2014 அளவில் இரத்தம் முழுவதும் தொண்டர்களிடமிருந்தே பெறப்படும் நிலை வந்துவிட்டது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1996இல் இட்ட கட்டளையால் 1998 முதல் காசுக்கு இரத்தம் விற்பது தடைசெய்யப்பட்டது. முகம் தெரியாதவரின் சோதிக்கப்பட்ட பழைய இரத்தம் பாதுகாப்பானது என்பதை எம்மவருக்கு எடுத்துச் சொல்லும் கடமை எமக்கும் உண்டு.

இரத்தம் கொடுப்பவரின் பக்கமும் நாள்கணக்கு இருக்கிறது. 2001 செப்டெம்பரில் நியூயோர்க் கோபுரங்கள் வீழ்ந்தபோது அமெரிக்கர்கள் வீதியில் வரிசையாக நின்று இரத்தம் கொடுத்தார்கள். காயப்பட்டு உயிர்தப்பியவர்கள் குறைவு, தேவைப்பட்ட இரத்தமோ சொற்பம். 42 நாள் கழிந்ததும் கொடுத்ததில் பெருந்தொகை வீசப்பட்டது. கொடுத்தவர்களின் மனதில் குறையில்லை, எல்லோரும் ஒரே வாரத்தில் கொடுத்ததுதான் குறை. எமது சங்கங்களும் திருவிழாவையொட்டி இரத்ததானம் ஒழுங்கு செய்யும்போது இதை நினைக்கவேண்டும். ஆண்கள் 12 வாரத்துக்கு ஒருமுறையும் பெண்கள் 16 வாரத்துக்கு ஒருமுறையும்தான் இங்கே கொடுக்கலாம். அறுபது பேர் ஒரே நாளில் கொடுத்துப் படம் பிடிப்பதைவிட, வாரம் ஐந்து பேராகப் பன்னிரண்டு வாரம் போவது நோயாளிக்கு உதவும். படம் பிடிக்க ஒன்றும் இராது என்பது உண்மைதான்.

தட்டுப்பாடு எப்படியிருக்கும் என்பதை இலண்டன் 2024இல் கண்டது. ஜூன் 3ஆம் திகதி, கிங்ஸ் கொலிஜ் வைத்தியசாலைக்கும் கைஸ், சென் தோமஸ் வைத்தியசாலைகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொடுக்கும் சின்னோவிஸ் நிறுவனத்தின் கணினிகளை இணையக் குற்றவாளிகள் முடக்கினார்கள். இரத்த வகையை வழமையான வேகத்தில் பொருத்திப் பார்க்க முடியாமற்போக, எல்லோருக்கும் ஏற்றக்கூடிய ஓ வகையையே எடுத்து எடுத்து ஏற்றவேண்டியதாயிற்று. ஜூலை 25ஆம் திகதி தேசிய இரத்த சேவை எச்சரிக்கை விடுத்தபோது ஓ நெகட்டிவ் இரத்தம் 1.6 நாளுக்குத்தான் கையிருப்பில் இருந்தது. ஒலிவரும் தொண்டர்களும் நடந்துபோன அதே கிங்ஸ் கொலிஜ் வைத்தியசாலைதான். அந்த நாட்களில் அங்கே ஒருவரும் பழைய பை வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டார். பெட்டியில் பழைய பை ஒன்று கிடக்கிறதென்றால், தேவை வருமுன்னரே யாரோ கொடுத்துவைத்திருக்கிறார் என்பதுதான் அதன் பொருள்.

பெரியம்மா வீட்டுக்கு வந்த அடுத்த வருடம் நான் ரூட்டிங்கில் சென் ஜோர்ஜஸ் வைத்தியசாலையை அண்டியுள்ள இரத்ததான நிலையத்துக்கு முதன்முறை போனேன். அப்போது எனக்கு 53 வயது, அதுவரை ஒருமுறையும் கொடுத்ததில்லை என்பதை வெட்கத்தோடு சொல்லுகிறேன். எனது வகை பி. எம்மவரிடையே அது வெள்ளையரைவிடக் கூடுதலாகக் காணப்படும் வகை. எடுப்பது ஏறத்தாழ 470 மில்லிலீற்றர். ஊசி குத்தி முடிக்கப் பத்து நிமிடம், அதன்பின் பிஸ்கற்றும் ஜூஸும் தந்து இருத்திவிடுவார்கள். இரத்தம் எந்த வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டது என்று பிற்பாடு கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வரும். யாருக்கு என்று வராது.

கடைசியாக வந்த செய்தியைப் பார்த்தவுடன் நாட்காட்டியை எடுத்துக் கழித்துப் பார்த்தேன். கொடுத்து 23 நாள். இன்னும் 12 நாள் இருந்தது.